ஓடியவன் பெயரில் எழுதிய பிழை

ஜனவரி 10, சனிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். நாங்கள் இப்போது இருக்கும் கேட்டியில் இரவெல்லாம் தூறல். கொல்லைப்புறத்து மரவேலி நனைந்து ஊறி, ஈரச் சணல்சாக்கின் வாடை சமையலறை வரை வந்திருந்தது. ஆறு பதினைந்துக்கு அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதினேன். ஏழு மணிக்கு இட்லி. எட்டு மணிக்கு வெள்ளைத் துணிகள், எட்டு நாற்பதுக்கு வண்ணத் துணிகள். ஒன்பது இருபதுக்கு வண்டியை எடுத்து, ஃப்ரீவேயில் ஏறாமல் உள்தெரு வழியாகவே போய், எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருக்கும் பள்ளிக்கூடக் கட்டிடத்தை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அடைந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பொங்கல் விழா. அதில் நடக்கவிருக்கும் சிறுவர் பட்டிமன்றத்துக்கு அன்று கடைசி ஒத்திகை. கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று பெரியவர்கள் கொடுத்த தலைப்பைப் பிள்ளைகள் ஒருமனதாகத் தள்ளிவிட்டுத் தாங்களாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்: ஊசி போட்டு உடம்பை ஏற்றிக்கொண்டு அடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் தரலாமா, கூடாதா? அந்த மண்டபம் நியூயார்க் மாநிலத்தின் உள்ளே, ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களில் மிகச் சிலருடைய முகத்தை மட்டும் வெண்கலத்தில் வார்த்து அங்கே சுவரில் பதிப்பார்கள். யாருடைய முகம் என்பதைப் பெரும்பாலும் விளையாட்டு நிருபர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சரி என்று சொல்ல வேண்டும். பத்தாண்டுகளுக்குள் சொல்லாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். ஜனவரி வந்தால் இந்த நாட்டில் பாதி வீடுகளில் இதே சண்டைதான்.

ஒத்திகையில் என் வேலை நேரம் பார்த்து மணி அடிப்பது. மூன்றாவதாகப் பேச வந்தவள் நிலா. பத்து வயது. அவள் அம்மாவுக்கு மதுரைப் பக்கம். வீட்டில் காதில் விழும் தமிழ்தான் அவள் வாயிலும். எழுதிக்கொடுத்த உரையை முக்கால்வாசி ஒப்பித்தவள், இடையில் எதிரணிப் பையன் ஒருவன் "ஏமாற்றுக்காரர்களுக்கு மாலை போடுவீர்களா?" என்று சீண்டியதும் தாளை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தே பேசினாள்: "அவிய்ங்க ஊசி போட்டாய்ங்க, சரி. பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தவிய்ங்க யாரு? அவிய்ங்க அடிச்ச அடியைக் காட்டி டிக்கெட் வித்தவிய்ங்க யாரு? அவிய்ங்கள மட்டும் உள்ள வச்சுக்கிறீங்க?"

அன்று காலை பேசப்பட்டதிலேயே உருப்படியான வாதம் அது ஒன்றுதான். நடுவர் பிரகாஷ் நாற்பது வயதுக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர், கெட்ட மனிதர் அல்லர். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடேயப்பா, மருதக்காரய்ங்க வந்துட்டாய்ங்கடோய்! பாப்பா, அருவாளை எங்க வச்சிருக்க?" பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள், ஏன் என்று தெரியாமலே, அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "அக்கா, செம மேட்டர் இது," என்றார் என்னிடம். "ஃபங்ஷன்ல இதை வச்சே அஞ்சு நிமிஷம் ஓட்டிரலாம். பாப்பா, நீ எதையும் சேஞ்ச் பண்ணாத, என்ன? அப்படியே பேசு."

நிலா கீழே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒய் வேர் தே லாஃபிங், ஆன்ட்டி?" என்றாள். அதுவரை அவள் என்னிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லடா, நல்லாப் பேசின," என்று சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு எதிரே இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி என்று எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. அந்தக் கோபம் பிரகாஷோடு முடிகிற கோபம் அல்ல. அதற்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் ஆகிறது.

அப்போது எனக்கு நிலாவின் வயது. அண்ணன் செந்திலுக்குப் பதின்மூன்று. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இரண்டாம் மாடி அப்பார்ட்மென்ட். கோடை மாலைகளில் எங்கள் சமையலறையில் மூன்று சத்தங்கள் ஒன்றாகக் கேட்கும்: அம்மா தாளிக்கும் கடுகு, சன்னலில் பொருத்திய குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், அலுமினியத் தாள் சுற்றிய ஏரியலோடு ரேடியோ கொடுக்கும் பேஸ்பால் வர்ணனை. அந்த ரேடியோவின் முன்னால் செந்தில் ஸ்கோர் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடந்தது என்று சின்னச் சின்னக் கட்டங்களில் பேனாவால் குறிப்பான். பென்சில் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

அப்பாவுக்கு மருந்துத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே நோட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது, மேலே திருத்தி எழுதக் கூடாது. தப்பென்றால் ஒற்றைக்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கீழே இருப்பது படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். வீட்டிலும் அதே நடைமுறைதான். மளிகைப் பட்டியலில்கூட ஒற்றைக்கோட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கும். தொழிற்சாலையில் கற்றுக்கொண்ட ஒரு வாசகத்தை வேதம் போலச் சொல்லுவார்: "எழுதலையா? அப்ப நடக்கலை."

செந்திலுக்குப் பிடித்த ஆட்டக்காரர், மைதானத்தில் ரன்னுக்கு ஓடுபவர் தொட வேண்டிய இரண்டாம் தளத்துக்குப் பக்கத்தில் நின்று பந்து தடுப்பவர். டிவியில் முதன்முறை அவரைப் பார்த்த அம்மா, "இந்தப் பையன் சோறே திங்கறதில்லீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் "ஒல்லி". இன்னோர் அணியில் பந்தை எல்லைக்கு வெளியே ஹோம் ரன்னாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தவர் "தடியன்". இரண்டு பேருடைய நிஜப் பெயர்களும் இங்கே தேவையில்லை. "ஏங்கண்ணு, ஒல்லி இன்னைக்கு ஆடறானா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள், ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அப்பாவுக்கும் செந்திலுக்கும் சண்டை தொடங்கும். ஒல்லி ஒரு நாள் புகழ் மண்டபத்துக்குப் போவார் என்பான் அவன். போகமாட்டார் என்பார் அப்பா. காரணம், பேஸ்பாலில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு: பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவர் தவறவிட்டால், அது அவர் பெயரில் "எரர்" என்று என்றென்றைக்கும் பதிவாகும். அரங்கத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் பதிவாளர் ஒருவர் அதை முடிவு செய்வார். ஒல்லியின் பெயரில் அப்படிப்பட்ட எரர்கள் நிறைய இருந்தன.

"அவ்வளவு எரர் பண்ணுனவனை எப்படீடா மண்டபத்துல வெப்பாங்க?"

"அப்பா, மத்தவனெல்லாம் அந்தப் பந்துக்குப் பக்கத்துலயே போறதில்லீங்க. இவரு ஓடிப் போயி எட்டிப் புடிக்கப் பாக்கறாரு. எட்டுனாத்தானே நழுவும்? நின்ன எடத்துலயே நிக்கறவனுக்கு எரரே வராதுங்க."

"புடிச்சிருந்தா எழுதியிருப்பான். எழுதலையா, நடக்கலை."

"அவரு தடுத்ததுனால எதிர் டீமு அடிக்காமப் போன ரன்னு? நடக்காததை யாருங்கப்பா எழுதுவாங்க?"

அப்பா ரசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்துவார். "சாப்புடு, ரசம் ஆறுது," என்பார். நான் அப்பா பக்கம். எண்களைக் கூட்டிப் பார்த்தால் தடியன் பெரியவன், ஒல்லி சின்னவன். எனக்கு அதற்கு மேல் யோசனை போகவில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் செந்தில் தமிழில் பேசியதைப் போல அழகாகப் பேசிய வேறொரு பையனை நான் அன்றும் பார்த்ததில்லை, இன்றும் பார்க்கவில்லை. கோபித் தமிழில், எல்லாவற்றுக்கும் ஒரு "ங்க" போட்டு, துளி விட்டுக்கொடுக்காமல் பேசுவான்.

அந்த ஆண்டுப் பொங்கல் விழாவுக்குத்தான் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் முதல்முறையாகச் சிறுவர் பட்டிமன்றம் வைத்தார்கள். நடுவர் பாஸ்கர் அங்கிள். சென்னைக்காரர், நல்ல குரல், எதற்கும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு, சங்கத்தில் அவர் மைக்கைப் பிடித்தால் சாப்பாடு அரைமணி நேரம் தள்ளிப்போகும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பேஸ்பால் பற்றிப் பேசினால் பிள்ளைகள் வருவார்கள் என்று தலைப்பை அவரே அமைத்தார்: "புகழ் மண்டபத்துக்கு உரியவர் அடிப்பவரா, தடுப்பவரா?" அவருக்கு அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றார். பட்டிமன்றத்துக்குத் தலைப்பு ஒரு சாக்குதானாம்.

செந்தில் தானாகவே பெயர் கொடுத்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கூச்சக்காரன், பள்ளியில் வாயே திறக்காதவன், ஒல்லிக்காகப் பெயர் கொடுத்தான். எட்டு வாரம், ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு இருந்து, ஆசிரியை மாலதி ஆன்ட்டி செந்தமிழில் எழுதிக்கொடுத்த உரையை மனப்பாடம் செய்தான். ஒல்லியைப் பற்றி இந்த உலகத்தில் ஓர் இருநூறு பேராவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

என்னை எதிரணியில் போட்டது பாஸ்கர் அங்கிளின் யோசனை. "அண்ணனும் தங்கச்சியும் எதிரும் புதிருமா நின்னா ஜனங்க என்ஜாய் பண்ணுவாங்க சார்," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். என் உரையையும் மாலதி ஆன்ட்டிதான் எழுதினார். அதில் தடியனின் புகழ் மட்டுமே இருந்தது, எனக்குப் போதவில்லை. விழாவுக்கு முந்தின வாரம் செந்தில் நூலகத்துக்குப் போயிருந்தபோது அவன் ஸ்கோர் நோட்டை எடுத்துப் புரட்டினேன். முந்தின கோடையில் ஒல்லியின் அணி தோற்ற ஓர் ஆட்டம். கடைசிக் கட்டத்தில் அவன் கையெழுத்தில் எரர். அந்தக் குறியின் ஓரத்தில் மை கரைந்து ஒரு துளி பரவியிருந்தது. அது எதனால் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த ஆட்டத்தின்போது நான் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். தெரிந்தும் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

விழா ஒரு உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில். வெளியே பனி, உள்ளே ஈரமான குளிர்கோட்டுகளும் மல்லிகைப்பூவும் சர்க்கரைப் பொங்கலும் கலந்த வாடை. தடுப்பவர் அணிக்குத் தலைவனான செந்தில் முதலில் பேசினான். மனப்பாடம் செய்ததை ஒரு சொல் தவறாமல் ஒப்பித்தான். மரியாதையான கைத்தட்டல் கிடைத்தது. கடைசியாக நான். எழுதிக்கொடுத்ததை முடித்துவிட்டு, ஒரு விரலை நீட்டி, "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் போற்றுகிற அந்த வீரர் கடைசிப் பந்தைக் கோட்டைவிட்டுத் தன் அணியையே தோற்கடித்தவர். நான் சொல்லவில்லை. என் அண்ணன் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். இதோ தேதி!" என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. பாஸ்கர் அங்கிள் எழுந்து நின்று கைதட்டினார். நான் செந்திலைப் பார்க்கவில்லை.

அணித்தலைவர்களுக்குப் பதிலுரைக்கு இரண்டு நிமிடம் உண்டு. அதற்கு மாலதி ஆன்ட்டி எழுதிக்கொடுத்த தாள் அவன் கையில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மைக்கின் முன்னால் வந்து நின்று, எங்கள் சாப்பாட்டு மேசையில் பேசுவதைப் போலவே பேசினான்.

"அதெப்படீங்க தப்பாகும்? அந்தப் பந்து அவருக்கு வந்ததே இல்லீங்க. பக்கத்துல நின்னவனுக்கு வந்தது. அவன் அசையலீங்க. இவரு ஓடுனாரு. ஓடாதவன் பேருல ஒண்ணும் எழுத மாட்டீங்க, ஓடுனவன் பேருல மட்டும் எழுதுவீங்களாங்க? என்ற நோட்டுல நாந்தான் எழுதுனேன். எழுதுனது நெசந்தானுங்க. ஆனா அது பாதிதானுங்க..."

மீதியைச் சொல்ல விடவில்லை. பாஸ்கர் அங்கிள் தன் மைக்கை எடுத்தார். "ஏனுங்க தம்பி," என்று குரலை இழுத்தார். "ஏனுங்கோ, எந்த ஊருங்கோ? எருமையெல்லாம் ஓட்டிட்டு வந்துட்டீங்களாங்கோ? பார்க்கிங் லாட்ல கட்டியிருக்கீங்களா?"

அந்தச் சிரிப்பை நான் எழுத்தில் கொண்டுவர முயலமாட்டேன். இருநூறு பேர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே மாதிரியோ, அதைவிடப் பட்டிக்காட்டுத்தனமாகவோ பேசுகிறவர்கள்தாம். முதல் வரிசையில் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் மடியில் இருந்த மூன்று குளிர்கோட்டுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்கள் சிரித்தது அவளும் வீட்டில் பேசுகிற அதே பேச்சைக் கேட்டு. அது அவளுக்குப் புரிந்திருந்தது. செந்தில் அந்த மைக்கின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். மணி அடித்தது. போய் உட்கார்ந்தான்.

தீர்ப்பு பட்டிமன்றங்களில் வழக்கமாக வருவதுதான்: அடிப்பதும் வேண்டும், தடுப்பதும் வேண்டும், இரண்டும் இரு கண்கள், ஆனாலும் அவையின் மகிழ்ச்சியைக் கருதி இன்று அடிப்பவரே. சிறந்த பேச்சாளர் பரிசு எனக்கு. சங்கத்தில் ஓர் ஆன்ட்டிக்கு முத்து முத்தான கையெழுத்து. எல்லாச் சான்றிதழ்களையும் அவர்தான் எழுதுவார். என்னுடையதைக் கையில் கொடுத்தபோது, "உன் பேரை எழுதும்போதே எனக்கு அவ்வளவு சந்தோஷம், போன ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் முன்னாடி உன்னுதைத்தான் எழுதினேன்," என்றார். போன ஞாயிற்றுக்கிழமை. மேடையில் ஒரு சொல்லும் பேசப்படுவதற்கு ஆறு நாட்களுக்கு முன்னால். அவர் அதை ஒளிக்கவுமில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சின்னப் பெண், பரிசு கொடுத்தால் ஜனங்கள் கைதட்டுவார்கள் என்று கமிட்டியில் பேசி முடித்திருந்தார்கள். செந்தில் எட்டு வாரம் மனப்பாடம் செய்துகொண்டிருந்ததில் கடைசி வாரம் முழுக்க முடிவு தயாராகவே இருந்திருக்கிறது.

காரில் அப்பா சொன்னார்: "மேடையில எதுக்குடா வீட்டுப் பேச்சுப் பேசுன? எழுதிக் குடுத்ததைப் படிச்சிருந்தா மரியாதையா முடிஞ்சிருக்கும்ல?"

"ஓகே," என்றான் செந்தில்.

"நாலு பேரு சிரிக்கற மாதிரி..."

"ஐ செட் ஓகே, டாட்."

அதற்கு முன்னால் அவன் அப்பாவை டாட் என்று கூப்பிட்டதே இல்லை. அன்று இரவு சாப்பிடும்போது அம்மா, "சாமி, இன்னொரு கரண்டி ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டாள். "நோ, தேங்க்ஸ்," என்றான். கதவை அறைந்து சாத்தவில்லை, அழவில்லை, நோட்டைக் கிழிக்கவில்லை. அடுத்த கோடையிலும் ஸ்கோர் எழுதினான். எல்லாம் முன்போலவே நடந்தது, தமிழ் மட்டும் இல்லாமல். கேட்பான், புரிந்துகொள்வான், ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்று சங்கத்து ஆட்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். பாஸ்கர் அங்கிளே சொன்னார். எல்லாரும் அப்படி ஆவதில்லை. சிலரை நாம் ஆக்குகிறோம்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாஸ்கர் அங்கிள் மேல் இருக்கிறது. அவர் இன்று இல்லை, இருந்தாலும் அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்திருக்காது, அதுவும் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. அப்பா மேல் இருக்கிறது. எழுதினால்தான் நடந்ததாகும் என்று வாழ்ந்தவர், தன் மகன் தமிழை நிறுத்திய தேதியை எங்கும் எழுதிவைக்கவில்லை. இன்னும் ஒல்லியின் விஷயத்தில் வாக்களித்த நிருபர்கள் மேல்கூட இருக்கிறது. ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழித்து ஒல்லியின் பெயர் பட்டியலில் வந்தது. நூற்றுக்கு ஐந்து பேராவது குறிக்காவிட்டால் முதல் ஆண்டே பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டார்கள். மைக்கின் முன்னால் வேடிக்கையாகப் பேசத் தெரியாதவர் அவர். ஆட்டம் முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் போய்விடுவார் என்று படித்திருக்கிறேன். தடியனும் உள்ளே போகவில்லை. ஊசிப் பேச்சு வந்து அவருடைய ஆண்டுகளைத் தின்றுவிட்டது. நான் விரல் நீட்டி முழங்கியது யாருக்காக என்று நினைத்தால் என் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது.

இருபத்து மூன்று வயதில் செந்திலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நோட்டை எடுத்தது, தேதியைக் குறித்தது, சிரித்தது, எல்லாவற்றையும் வரிசையாக. தமிழில்தான் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. அப்போது எனக்குப் பத்து வயதுதான் என்றும், நடுவர் வைத்த போட்டியில் ஆடியதற்கு ஆட்டக்காரியைக் குறை சொல்ல முடியாதென்றும், ஒல்லியைப் பற்றிய என் கருத்து மட்டும் இன்னமும் தவறுதான் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. திட்டியிருந்தால் தமிழில் திட்டியிருப்பானோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அவன் இப்போது சான் ஹோசேயில் இருக்கிறான். ஆண்டுதோறும் ஜனவரியில் புகழ் மண்டபப் பட்டியல் வந்ததும் போனில் எனக்கு அனுப்புவான். ஒரு வாக்காளர் பத்துப் பேருக்கு மேல் குறிக்கக் கூடாது என்பது விதி. நாங்களும் ஆளுக்குப் பத்துப் பேரைக் குறித்துச் சண்டை போடுவோம். வேகமான, காரமான, பொடி வைத்த சண்டை. ஒருமுறை, நல்ல பேட்டி கொடுத்தவனுக்கெல்லாம் வாக்குப் போடுகிறார்கள், நல்லா ஓடினவனுக்குப் போடுவதில்லை என்று எழுதினான். எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வரியையும் நான் மனத்துக்குள் கோபித் தமிழில் மாற்றிப் படித்துப் பார்க்கிறேன். சரியாக உட்காருகிறது, ஆனால் அது என் குரலாக இருக்கிறது, அவனுடையதாக இல்லை.

அன்று, ஜனவரி 10, ஒத்திகையிலிருந்து வந்த பிறகு மாலை ஐந்து மணிக்கு அவன் அம்மாவைக் கூப்பிட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிடுவான், தவறியதில்லை. போனை அம்மாவின் முன்னால் மேசையில் வைத்தேன். "சாப்பிட்டியா சாமி? குளுராங்கண்ணு அங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டே போனாள். "எஸ், மாம். நாட் டூ கோல்ட். ஓகே, மாம்." அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இப்போதெல்லாம் ஆங்கிலம் சரியாகக் காதில் விழுவதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். ரொம்பக் குளிர் இல்லையாம். சாப்பிட்டானாம். ஒரு தாய்க்கும் அவள் பெற்ற பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து நான் மொழிபெயர்க்கிறேன். பேசி முடித்ததும் அம்மா, "நல்லாப் பேசுவானே," என்றாள். "சோத்துல கை வெச்சுக்கிட்டு உங்கப்பனோட எப்படி வாயடிப்பான். ங்க, ங்கன்னு. ஒரு தட்டுச் சோறு காஞ்சே போயிரும்."

அந்தக் குரல் போய்விட்டது. எந்த டேப்பிலும் அது இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள் மூன்று பேர், அவர்களில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குப் பிறகு நான் ஒருத்திதான். அந்த மேடையில் இருநூறு பேர் முன்னால் அவன் சொல்ல வந்த மீதிப் பாதி என்ன என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் ஆங்கிலத்தில் சொல்லுவான். நான் கேட்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், ஏழு பத்துக்குப் பிரகாஷைப் போனில் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"என்னக்கா, சண்டே காலங்காத்தால? எதுவும் ப்ராப்ளமா?"

"நிலா பேசறதை நீங்க மேடையில பேசிக் காட்டக் கூடாது. அருவாள், மருத, எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளை என்ன சொல்லுதோ அதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஐயோ அக்கா, சும்மா ஜாலிக்குத்தானே! எங்க வீட்லயும் மதுரை ஆளுங்க இருக்காங்க. ஜனங்க சிரிச்சாத்தானே ஷோ நல்லாப் போகும்?"

"முப்பத்தஞ்சு வருஷமா எங்கம்மாகிட்ட ஒருத்தன் ஒரு வார்த்தை தமிழ் பேசலை, பிரகாஷ். அதுவும் ஒருத்தர் ஜாலிக்குப் பண்ணதுதான்."

 யாரென்று அவர் கேட்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதது. கதவைச் சாத்துகிற ஓசை கேட்டது.

"நான் மணி அடிக்க வரமாட்டேன்னு மிரட்டப் போறதில்லை," என்றேன். "வருவேன். நீங்க அவளை மாதிரிப் பேச ஆரம்பிச்சா, நேரத்தைப் பார்க்காம உங்களுக்கு மணி அடிப்பேன். நீங்க நிறுத்தற வரைக்கும் அடிப்பேன். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி."

"...சரிக்கா. எடுத்துடறேன்."

"அவளுக்கும் போன் பண்ணிச் சொல்லுங்க. அவ சொன்ன வாதம் நல்ல வாதம்னு சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

"இப்பவேவா?"

"அவங்க வீட்ல ஏழு மணிக்கே எழுந்துடுவாங்க," என்று சொல்லி, நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். அவர் எழுதிக்கொள்கிறாரா என்று கேட்டுக்கொண்டே படித்தேன்.